அம்மாவுக்கு ஒரு ஜப்பானியக் கத்தி: காப்பாபாஷியில் எதைப் பார்த்து வாங்குவது?

அலுவலக வேலையாக ஒரு வாரம் டோக்கியோவுக்கு வருகிறீர்கள். காப்பாபாஷி என்ற தெருவில் நல்ல சமையல் சாமான்கள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். கோவையில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு கத்தியும், முடிந்தால் ஓர் இரும்புத் தேநீர்க் கெண்டியும் வாங்க வேண்டும். கையில் 30,000 யென். எந்தக் கடைக்குப் போவது, ஏமாறாமல் எப்படி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடையின் பெயர்தான் வேண்டும் என்றால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்வியை மறுபடி படித்தபோது வேறொன்று தெரிந்தது. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாத ஒருவர், சுவர் நிறையக் கத்திகள் மாட்டியிருக்கும் கடையில் நின்றுகொண்டு, இதில் எது அம்மாவின் கைக்குச் சரிப்படும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

டோக்கியோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கத்தி, வாணலி, வெட்டுப் பலகை என்று மாதம் ஒரு முறையாவது காப்பாபாஷிக்குப் போக வேண்டியிருக்கும். காய்கறியும் கோழியும் வெட்டும் கத்திகளில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பச்சை மீனை இழை இழையாக அரிவதற்கான ஒருபக்கக் கூர் கத்திகளில் பழக்கம் குறைவு. அவற்றைப் பற்றி நான் சொல்வதைவிடக் கடைக்காரர் சொல்வதையே நம்புங்கள்.

முதலில் தெரு. உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில், ஏறக்குறைய 800 மீட்டர் நீளத்தில், சுமார் 170 கடைகள். சுரங்க ரயிலில் கின்சா பாதையில் தவாரமாச்சி நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. முனைக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரின் பெரிய தலை ஒன்று தெரியும். அங்கிருந்து தெரு தொடங்குகிறது. அடிப்படையில் இது உணவகம் நடத்துபவர்களுக்கான சந்தை. நாற்காலி, பெயர்ப்பலகை, கடை வாசலில் தொங்கவிடும் துணி, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பிளாஸ்டிக் உணவு மாதிரிகள் வரை எல்லாம் இங்கே வாங்கிவிடலாம். ஒரே ஒரு பொருளைச் சில்லறையில் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். 1908-இல் தொடங்கிய காமா-ஆசா போன்ற பழைய கடைகளும் உண்டு. சுபாயா, காமாத்தா போலக் கத்திகளை முதன்மையாக விற்கும் கடைகளும் உண்டு. இந்த மூன்றில் எதற்குள் நுழைந்தாலும் தவறில்லை. ஆங்கிலம் பேசும் ஆள் பெரும்பாலும் இருப்பார்.

கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, என்ன வெட்டப் போகிறீர்கள் என்பதுதான். இதற்கான பதிலை ஊரிலேயே யோசித்துவிட்டு வாருங்கள். ஜப்பானியக் கத்தியின் அருமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதன் எஃகு கடினமானது, அலகு மெல்லியது. ஐரோப்பியச் சமையலறைக் கத்திகள், எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில், பெரும்பாலும் 56 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். கடினமான எஃகில் கூர் நெடுநாள் நிற்கும், தக்காளி தன்னாலே பிளப்பதுபோல் இருக்கும். ஆனால் அதே எஃகு வளைந்துகொடுக்காது. கெட்டியான பொருளில் மோதினால் கண்ணாடி போலச் சில்லு தெறிக்கும். இங்கே வந்த முதல் ஆண்டில், மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கிய கத்தியால் தேங்காய் மூடியை நெம்பினேன். அலகில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்ய எனக்கு மூன்று இரவுகள் ஆயின. அன்று நெஞ்சு பதறியது இன்றும் நினைவிருக்கிறது. ஆகவே அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: தேங்காய் கீறவும், எலும்பு வெட்டவும், மீன் தலை பிளக்கவும் பழைய கத்தியும் அரிவாள்மனையும் அப்படியே இருக்கட்டும். புதுக் கத்தி வெங்காயம், பீன்ஸ், கேரட், கீரை, எலும்பில்லாத இறைச்சி ஆகியவற்றுக்கு மட்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கல்லாக உறைந்திருக்கும் எதையும் அதனிடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது எஃகு. கடைகளில் வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பொருள்படும் ஷிரோகாமி, ஆவோகாமி என்ற பெயர்களைக் கேட்பீர்கள். ஆலையில் அந்த எஃகைச் சுற்றி ஒட்டிய காகிதத்தின் நிறம்தான் பெயராக நின்றுவிட்டது. எஃகின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டும் கார்பன் எஃகு. தீட்டினால் மிக எளிதாகக் கூர் ஏறும். ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் எதை அரிந்தாலும் உடனே துடைக்க வேண்டும். நம் இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் அரிந்தால் கறுத்துப்போகும் அல்லவா, அதே கதைதான் இங்கும். பிறந்தது முதல் அரிவாள்மனையோடு வளர்ந்த கை என்றால் கார்பன் எஃகைப் பராமரிப்பது உங்கள் அம்மாவுக்குப் பெரிய வேலையாக இருக்காது. ஆனால் பாத்திரம் கழுவ வேறொருவர் வரும் வீடாக இருந்து, கத்தி சின்க்கில் இரண்டு மணி நேரம் கிடக்குமானால் வேண்டாம். அந்த வீட்டுக்குத் துருப்பிடிக்காத வகையே சரி. வி.ஜி.10 என்றோ, வெள்ளி மூன்று என்று பொருள்படும் கின்சான் என்றோ கேளுங்கள். இரண்டும் நல்ல எஃகுகள். கின்சான், கல்லில் தீட்டும்போது கார்பன் எஃகின் குணத்துக்கு அருகில் வருகிறது என்பது என் கை அனுபவம். அம்மாவுக்கு நான் வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன்.

வடிவத்தில் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. 165 முதல் 170 மில்லிமீட்டர் வரையிலான சான்தோக்கு போதும். காய்கறி, மீன், இறைச்சி மூன்றுக்கும் ஒரே கத்தி என்ற எண்ணத்தில் வீடுகளுக்காக உருவான வடிவம் அது. அம்மா சுத்த சைவம் என்றால் நாகிரி இன்னும் பொருத்தம். செவ்வக அலகு, காய்கறிக்கென்றே ஆனது, பலகையில் முழு நீளமும் படிந்து உட்காரும். கியூத்தோ என்ற 210 மில்லிமீட்டர் நீளக் கத்தி என் போன்ற உணவகச் சமையல்காரர்களுக்குச் சௌகரியம், சின்ன மேடை உள்ள வீட்டில் அது இடிக்கும். தேபா, யானகிபா என்ற பெயர்களில் அழகழகாகத் தொங்குபவை ஒரு பக்கம் மட்டும் கூர் வைத்தவை. வலக்கைக்காரருக்குச் செய்தது இடக்கைக்கு ஒத்துவராது. இடக்கைக்குத் தனியாகச் செய்து கூடுதல் விலைக்கு விற்பார்கள். அவற்றின் அழகில் மயங்கி வாங்கிப்போய்ப் பரணில் போட்டவர்களை நான் அறிவேன்.

இப்போது கையில் எடுத்துப் பார்க்கும் வேலை. மொழி தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். கடைக்காரரிடம் சைகையால் அனுமதி கேட்டுவிட்டு, கத்தியின் கைப்பிடியைக் கண்ணுக்கு நேராக வைத்து, முதுகின் வழியாக நுனி வரை பாருங்கள். கோடு நேராகப் போக வேண்டும். முதுகின் கனம் கைப்பிடி அருகே கூடுதலாகவும் நுனியை நோக்கி மெலிந்துகொண்டும் வர வேண்டும். அடுத்து முதுகின் விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்துப் பாருங்கள். நல்ல கடையின் நல்ல கத்தியில் அந்த விளிம்பை மழுக்கியிருப்பார்கள். அரை மணி நேரம் வெங்காயம் நறுக்கினாலும் விரல் சிவக்காது. அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் உள்ளே நீர் புகும். எடையையும் பாருங்கள். மணிக்கட்டு வலி உள்ள கைக்கு, மக்னோலியா மரத்தில் செய்த ஜப்பானிய பாணிக் கைப்பிடி மிக லேசாக இருக்கும். ஆணி அடித்த மேற்கத்திய பாணிக் கைப்பிடி கனம். என் சமையலறையில் இரண்டும் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேல் கை தானாகத் தேடுவது முன்னதைத்தான்.

அலைபோல் கோடு ஓடும் டமாஸ்கஸ் கத்திகள் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் இருக்கும். அந்த அலைகள் வெளிப்புற அடுக்குகளில் இருப்பவை. வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகு மட்டுமே. ஒரே நடு எஃகு கொண்ட சாதாரணக் கத்தியும் டமாஸ்கஸ் கத்தியும் ஒரே மாதிரிதான் வெட்டும்; விலையில் பல ஆயிரம் யென் வேறுபடும். அழகுக்காகத் தெரிந்தே கொடுப்பதில் தவறில்லை. கூருக்காகக் கொடுப்பதாக எண்ணிக் கொடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் பணத்தில் அந்த மிச்சத்துக்கு ஒரு சாணைக்கல் வாங்குங்கள்.

சாணைக்கல்லை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்த கத்தியும் வீட்டுப் புழக்கத்தில் சில மாதங்களில் மழுங்கும். அப்போது தெருவில் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், பொறி பறக்கும் சூட்டில் மெல்லிய அலகின் பதம் போய்விடும். அந்த முறை நம் ஊர்க் கத்திகளுக்கானது. இதற்கு 1000 எண் நீர்க்கல் ஒன்று வேண்டும் (எண், கல்லின் சொரசொரப்பைக் குறிப்பது). 3,000 முதல் 5,000 யென்னுக்குள் நல்லது கிடைக்கும். கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து (சில கற்களுக்கு மேலே நீர் தெளித்தாலே போதும், கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்), கத்தியை அதன்மேல் படுக்கவைத்து, முதுகை மட்டும் சற்றுத் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதற்கு இங்கே ஒரு கணக்கு சொல்வார்கள்: இரண்டு மூன்று பத்து யென் நாணயங்களை அடுக்கிய உயரம். அந்தச் சாய்வு மாறாமல் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்கத்து விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு எழும். விரல் நுனியைக் கூரிலிருந்து வெளிப்பக்கமாக வருடினால் மெல்லத் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பல கடைகளில் வாங்கும்போதே தீட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கைபேசியில் படம் எடுத்து அம்மாவுக்கோ, வீட்டில் யார் தீட்டப்போகிறார்களோ அவர்களுக்கோ அனுப்புங்கள். தீட்ட ஆள் இல்லை என்றால் 15,000 யென் கத்தி வாங்காதீர்கள்; 6,000 யென் கத்தி போதும்.

உறுதியாகத் தெரிந்ததையும் அப்படியல்லாததையும் இந்த இடத்தில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கடினமான மெல்லிய அலகு சில்லு தெறிக்கும் என்பதும், டமாஸ்கஸ் கோடுகள் கூரைக் கூட்டாது என்பதும் உறுதி. ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள சாக்காய் நகரில், அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், கைப்பிடி மாட்டுபவர் வேறொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு நூற்றாண்டுகளாகக் கத்தி செய்கிறார்கள் என்பதும் உறுதி. பாரம்பரியக் கைத்தொழில்களுக்கென 1974-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் சாக்காய் கத்தி 1982-இல் அங்கீகாரம் பெற்றது. அந்த அங்கீகாரத்தின் முத்திரை ஒட்டிய பொருள் பரிசோதிக்கப்பட்டது என்று நம்பலாம். ஆனால் முத்திரை இல்லாததெல்லாம் மட்டம் என்று பொருளில்லை. கத்திக்குப் பேர்போன மற்ற ஊர்களான சேக்கியிலும் எச்சிசெனிலும் எந்திர உதவியோடு செய்த மிக நல்ல கத்திகள் முத்திரை இல்லாமலே வருகின்றன. ‘கைவினை’ என்ற சொல் மட்டும் அட்டையில் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை வேலை கையால் நடந்தது என்பது அந்தச் சொல்லில் இல்லை. கார்பன் எஃகால் அரிந்த காய்க்குச் சுவை கூடுதல் என்று சொல்பவர்கள் உண்டு. கூரான கத்தி திசுக்களை நசுக்காது என்பதால் வெங்காயம் குறைவாகக் கண்ணைக் கரிக்கும், இலை கறுக்காது. அது வரை சரி. எஃகின் வகையே சுவையை மாற்றுகிறது என்பதை என் நாக்கு இதுவரை உணர்ந்ததில்லை.

இனி கெண்டி. இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். இவாத்தே மாகாணத்தின் மோரியோக்காவிலும் மிசுசாவாவிலும் வார்க்கும் நாம்பு இரும்புச் சாமான்கள் புகழ்பெற்றவை. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு பொருள்கள் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். ஒன்று தெத்சுபின், உள்ளே பூச்சு இல்லாத வெறும் இரும்பு, அடுப்பில் வைத்து வெந்நீர் காய்ச்சுவதற்கு. மற்றது கியூசு, உள்ளே பளபளக்கும் எனாமல் பூச்சு, காய்ச்சிய நீரை ஊற்றித் தேயிலையை ஊறவைப்பதற்கு மட்டும். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். கியூசுவை அடுப்பில் ஏற்றினால் எனாமல் வெடித்து உதிரும். தெத்சுபினில் தேயிலையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் உள்ளே கறுத்துவிடும். நம் ஊர்ப் பால் டீக்கு இரண்டுமே உதவாது. நல்ல தெத்சுபின் ஒன்று மட்டுமே உங்கள் கையிருப்பில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். கத்தியும் கல்லும் வாங்கிய பிறகு அதற்குப் பணம் மிஞ்சாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை எடுத்தால் அது பெரும்பாலும் கியூசுவாகத்தான் இருக்கும். அம்மா கிரீன் டீ குடிப்பவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதில் அரக்குப் பூச்சுக் கிண்ணம் ஏதாவது வாங்கலாம் என்று தோன்றினால், கிண்ணத்தின் அடியிலோ பெட்டியிலோ இருக்கும் சீட்டைக் கைபேசியின் மொழிபெயர்ப்பில் காட்டுங்கள். அடித்தளம் இயற்கை மரமா, மரத்தூளும் பிசினும் கலந்து அச்சில் வார்த்ததா, வெறும் பிளாஸ்டிக்கா, மேல்பூச்சு உருஷி மரப்பாலா, யூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சா என்று அதில் எழுதியிருக்கும். ஜப்பானில் வீட்டுச் சாமான்களுக்குச் சட்டப்படி உள்ள சீட்டு அது. கண்ணால் பார்த்தால் எனக்கே சில நேரம் வேறுபாடு தெரிவதில்லை, சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். சுத்தியல் தடம் பதிந்த யுக்கிஹிரா பாத்திரம் அழகாக இருக்கும், மலிவு, லேசு. ஆனால் பெரும்பாலும் அலுமினியம். இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது, புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் ஆகாது. தொனாபே என்ற மண்பானையை நம் மண்சட்டியைப் போலவே கஞ்சி காய்ச்சிப் பழக்க வேண்டும் என்று கேட்டால் அம்மா மகிழ்வார், ஆனால் அதன் எடையை விமானத்தில் சுமக்கப்போவது நீங்கள். ரைஸ் குக்கர் வேண்டவே வேண்டாம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. வெளிநாட்டுக்கென்று செய்த மாடலைக் கேட்டு வாங்கினால் தவிர, செருகிய உடனே போய்விடும்.

வரி விஷயம். சுற்றுலா அல்லது குறுகிய கால வருகையில் வந்தவர்கள், அனுமதி பெற்ற கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத நுகர்வு வரியிலிருந்து விலக்கு உண்டு. அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், நகல் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது: கடையில் வரியோடு செலுத்திவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது திரும்பப் பெற வேண்டும். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று மிக முக்கியம். 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகு உள்ள கத்தியைத் தகுந்த காரணமின்றி எடுத்துக்கொண்டு திரிவது இங்கே சட்டப்படி குற்றம். கடையில் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல், ரசீதோடு நேராக விடுதிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியின் அடியில் வையுங்கள். விமானத்தில் சரக்குப் பெட்டியில் மட்டுமே அனுமதி, கைப்பையில் கிடையாது.

ஞாயிறு மதியம் மட்டும் ஓய்வு என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். திறந்திருப்பவையும் மாலை ஐந்து ஐந்தரைக்குள் அடைத்துவிடும். அலுவலகத்தில் பேசிச் சனிக்கிழமை காலை கிடைக்குமா என்று பாருங்கள். பத்து மணிக்கு வந்தால் முதல் சுற்றில் எதையும் வாங்காமல் தெருவின் கடைசி வரை நடந்துவிட்டு, திரும்பி வரும்போது மூன்று கடைகளில் ஒரே அளவு சான்தோக்குவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கை எது என்று சொல்லிவிடும். பணம் கட்டும் முன் அலகில் பெயர் பொறித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பல கடைகளில் உண்டு. என் கத்தியில் பெயர் பொறித்தவர் வயதானவர். அலகை ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து, பென்சில் பருமனுள்ள உளியைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கோடு முன்கூட்டி வரையவில்லை. டிக் டிக் என்று மணிக்கூடு போன்ற ஓசை, ஐந்து நிமிடத்தில் மூன்று எழுத்து. பல கடைகளில் ஜப்பானிய எழுத்தில் பொறிப்பார்கள், வெளிநாட்டுப் பெயர் என்றால் கத்தகானா எழுத்தில்; அதனால், அம்மாவின் பெயரை அந்த எழுத்தில் எழுதித்தரச் சொல்லி உங்கள் டோக்கியோ அலுவலகத்தில் யாரிடமாவது ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.